பில்டப் ஏறுது, டிராப் வந்தா புஸ்ஸுன்னு போகுது – என்ன பண்றது?

#1 – திருநகர்_பீட்ஸ், இரவு 11:50

எல்லாருக்கும் வணக்கம். ஏழு மாசமா எஃப்எல் ஸ்டுடியோ (கம்ப்யூட்டர்ல பாட்டு கட்டுற சாஃப்ட்வேர்) ஓட்டிக்கிட்டு இருக்கேன். யாரும் சொல்லிக்கொடுக்கல, வீடியோ பார்த்துப் பழகினதுதான். எட்டு பார் (பாருக்கு நாலு பீட்) லூப் போட்டா நல்லாவே வருது, எங்க தங்கச்சியே கதவைத் திறந்து "இது நீ போட்டதாண்ணே"ன்னு கேட்டா. அதை முழுப் பாட்டா நீட்டும்போதுதான் செத்துப் போகுது.

போன வாரம் எங்க டிபார்ட்மென்ட் விழாவுல போட்டேன். பில்டப்புல, அதாவது பரபரப்பை ஏத்திக்கிட்டே போற பகுதியில, பசங்க கையைத் தூக்கினாங்க, சத்தியமா தூக்கினாங்க. அந்தப் பரபரப்பெல்லாம் வெடிக்க வேண்டிய டிராப் வந்துச்சு. தூக்கின கையை என்ன செய்யிறதுன்னு தெரியாம ஒருத்தன் அப்படியே தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இறக்கிட்டான். ஏழு நாளாச்சு, அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

விவரம் சொல்லிடுறேன். 128 பிபிஎம் (நிமிஷத்துக்கு 128 பீட்), எஃப் மைனர், மொத்தம் 3 நிமிஷம் 45 செகண்ட். இன்ட்ரோ 16 பார், குரூவ் 16, பில்டப் 16, டிராப் 16, பிரேக் 16, ரெண்டாவது பில்டப் 8, ரெண்டாவது டிராப் 16, அவுட்ரோ 16. பில்டப்புல கிக் (கனமான அடி டிரம்), பேஸ், பேட் (பின்னணியில நீளமா நிக்கிற ஒலி), ஸ்நேர் ரோல், கைதட்டல், மூணு ரைசர் (ஏறிக்கிட்டே போற சத்தம்), ஒரு சைரன். டிராப்புல கிக், பேஸ், ஹாட் (ஹை-ஹாட் சிம்பல்), லீட் (மெட்டு வாசிக்கிற ஒலி). டிராப் சின்னதா தெரியுதேன்னு லீட்டை ரெண்டு டெசிபல் ஏத்தினேன், பத்தல. மேல இன்னொரு லீட்டை அடுக்கினேன், அதுவும் பத்தல. காசு கொடுத்து நல்ல சாம்பிள் பேக் வாங்கினா சரியாகுமா? பாட்டை ஏத்தியிருக்கேன், கேட்டுட்டுத் திட்டுங்க.

#2 – பரோட்டா_சாம்பிள், இரவு 11:58

இன்னும் பத்து நிமிஷத்துல யாராச்சும் வந்து "டிராப்ங்கிறது வாடிவாசல் திறக்கிற மாதிரி"ன்னு எழுதப் போறாங்க. இந்த மன்றத்துல அந்த உதாரணத்தை நானே நாலு தடவை படிச்சாச்சு. முன்கூட்டியே தடை போடுறேன்.

#3 – மேலமாசி_மீனா, காலை 6:20

கேட்டேன் தம்பி. சாம்பிள் பேக் எதுவும் வாங்காதீங்க. கிக் நல்லாருக்கு, அந்த பேஸ் உண்மையிலேயே நல்லாருக்கு.

முதல்ல பாட்டைக் கேட்காம, அலைவடிவத்தை மட்டும் பாருங்க. 0:30-லிருந்து 2:00 வரைக்கும் ஒரே செங்கல். டிராப் 1:30-ல வருதுன்னு கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிச்சேன் (128 பிபிஎம்ல 16 பார்னா சரியா 30 செகண்ட்). படத்தைப் பார்த்து ஒருத்தராலயும் சொல்ல முடியாது.

இப்போ எண்ணிப் பாருங்க. பில்டப்புல ஒன்பது டிராக். டிராப்புல, நீங்க அடுக்கின ரெண்டாவது லீட்டையும் சேர்த்து அஞ்சு. ஒன்பது பேர் கத்திக்கிட்டு இருந்த ரூம்ல நாலு பேர் எழுந்து வெளிய போனா அது எப்படி டிராப் ஆகும்? அதைவிடப் பெரிய கூத்து கிக். பில்டப் 16 பாரும் கிக் நிக்கவே இல்ல. பாருக்கு நாலு, ஆக 64 அடி. உங்க டிராப்போட முதல் அடி அந்த வரிசையில 65-வது. 64 அடியைக் கேட்டவனுக்கு 65-வதுல என்ன புதுசு?

அடுத்தது மாஸ்டர்ல, அதாவது எல்லா டிராக்கும் வந்து சேர்ற இடத்துல, போட்டிருக்கிற லிமிட்டர். அது ஒரு கூரை, சத்தத்தை அதுக்கு மேல போக விடாது. ஒன்பது டிராக்கும் சேர்ந்து பில்டப்புலயே கூரையில தலை முட்டிடுச்சு. அதுக்கப்புறம் டிராப்புல லீட்டை ரெண்டு டெசிபல் ஏத்தினா, லிமிட்டர் மொத்தத்தையும் சேர்த்து இன்னும் அமுக்கும். அதுல முதல்ல அடி வாங்குறது கிக்தான். ஏத்த ஏத்த டிராப் சின்னதானதுக்குக் காரணம் இது. அரேஞ்ச் பண்ற வரைக்கும் மாஸ்டர்ல லிமிட்டரே வேண்டாம், கழட்டி வைங்க. எல்லா ஃபேடரையும் (ஒவ்வொரு டிராக்கோட சத்தத்தையும் ஏத்தி இறக்குற பட்டை) இறக்கி, டிராப்போட உச்சம் கூரைக்கு ஆறு டெசிபல் கீழ நிக்கிற மாதிரி வச்சுக்கோங்க. சத்தம் பத்தலன்னா ஹெட்போன் வால்யூமை ஏத்திக்கலாம், அதுக்கு யாரும் காசு கேட்கப்போறதில்ல.

பில்டப்பை நானா இருந்தா இப்படிச் செய்வேன். 16 பார் வேண்டாம், இந்த ஐடியாவுக்கு 8 போதும். முதல் நாலு பார்ல கிக் இருக்கட்டும், ஆனா ஹை-பாஸ் ஃபில்டரைப் போட்டு அடியில இருக்கிற கனத்தை மெல்ல மெல்ல வழிச்சு எடுங்க. 30 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு நாலாவது பார் முடியும்போது 250, 300-க்கு வந்துடணும். அஞ்சாவது பார்ல கிக்கும் பேஸும் கிடையாது. மூணு ரைசர்ல ரெண்டைத் தூக்கிப் போடுங்க, சைரனையும் கூடவே அனுப்பிடுங்க. எட்டு பாருக்குள்ள மொத்த சத்தமும் ரெண்டு, மூணு டெசிபல் பைய இறங்கட்டும். கேட்கிறவனுக்கு இறங்கினது தெரியாது, ஏன்னா அந்த நேரத்துல சுருதி ஏறும், ஸ்நேர் நெருங்கும். அவன் ஏறுறதா நினைச்சுக்கிட்டு இருப்பான், நீங்க அவன் காலுக்குக் கீழ தரையை எடுத்துக்கிட்டு இருப்பீங்க. கடைசி பீட்ல எல்லாம் நிக்கணும். ரிவர்ப் வாலும் (பின்னாடி இழுபடுற எதிரொலி) சேர்ந்து நிக்கணும், இதை எல்லாரும் மறப்பாங்க. வால் நீண்டு டிராப்போட முதல் கிக் மேல வழிஞ்சா அந்த அடி ஈரத்துணியில அடிச்ச மாதிரி கேட்கும்.

#4 – திருநகர்_பீட்ஸ், காலை 9:05

மீனாக்கா, 65-வது அடி கணக்கைப் படிச்சுட்டு பஸ்லயே சிரிச்சிட்டேன். பக்கத்து சீட்டு ஆள் ஒரு மாதிரி பார்த்தார்.

ஒரு சந்தேகம். கிக்கை எடுத்தா எனர்ஜி போயிடாதா? பசங்க ஆடிக்கிட்டு இருக்கும்போது நாலு பார் கிக் இல்லன்னா நின்னுட மாட்டாங்களா? எனக்கு அந்த பயத்துலதான் எதையும் எடுக்கத் தோணல. ஒவ்வொரு தடவையும் சேர்க்கத்தான் தோணுது.

#5 – தவில்_பேரன், காலை 10:40

நின்னா நிக்கட்டும் தம்பி. நின்னவனைத்தான் திரும்ப ஆட வைக்க முடியும்.

எங்க தாத்தா திருப்பரங்குன்றம் பக்கம் முப்பது வருஷம் தவில் வாசிச்சவர். எனக்கு விரல்ல கூடு மாட்டக்கூட ஒழுங்கா வராது, ஆனா அவர் மேளத்துக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்கி வளர்ந்தவன். கல்யாணத்துல கவனிச்சிருப்பீங்க. ஐயர் கையைத் தூக்குவார், யாரோ ஒரு மாமா "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னு கத்துவார். மண்டபத்துல சாம்பார் வாளியைத் தூக்கிட்டுப் போறவர்கூட நின்னு திரும்பிப் பார்ப்பார். அதுக்கு முந்தின அஞ்சு நிமிஷம் மேளம் என்ன செஞ்சுதுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? நாயனம் ஒரு ராகத்தை இழுத்துக்கிட்டு இருந்திருக்கும், தவில் அங்கொண்ணு இங்கொண்ணா தொட்டுக்கிட்டு இருந்திருக்கும். புதுசா வந்த ஒரு பையன் அந்த நேரத்துல வெளுத்து வாங்கினான்னு தாத்தா ஒரு நாள் திட்டித் தீர்த்தார்: "இப்பவே கொட்டித் தீர்த்துட்டா தாலி கட்டுறப்ப என்னத்தடா வாசிப்ப?"

சரி, உங்க ஸ்நேர் ரோலுக்கு வர்றேன். 16 பாரும் ஒரே வேகத்துல, பீட்டுக்கு நாலுன்னு ஓடுது. அது மழை பேயுற மாதிரி, ரெண்டு நிமிஷத்துல காது மறந்துடும். நம்ம ஆளுங்ககிட்ட இதுக்கு மூணு காலம் இருக்கே. மீனாக்கா சொன்ன எட்டு பாரை இப்படிப் பிரிங்க: முதல் நாலு பார் பீட்டுக்கு ஒரு அடி. அடுத்த ரெண்டு பார் பீட்டுக்கு ரெண்டு. ஏழாவது பார் பீட்டுக்கு நாலு. வேகம் ரெட்டிப்பாகுது, நேரம் பாதியாகுது. அதனாலதான் நெருக்கம் தெரியும்.

எட்டாவது பாருக்கு ரோலே வேண்டாம், தீர்மானம் வைங்க, அதாவது ஒரே சொல்லை மூணு தரம் வாசிச்சு முடிக்கிறது. ஒரு பார்ல பதினாறு கட்டம் இருக்கு. முதல் கட்டத்தைக் காலியா விடுங்க. அடுத்து "ததிங்கிணதொம்" மூணு தரம். அஞ்சு கட்டம் வீதம் பதினஞ்சு. ஒண்ணும் பதினஞ்சும் பதினாறு, ஆச்சு. அடுத்த கட்டம் சமம், அதாவது தாளத்தோட முதல் அடி, அங்கதான் உங்க டிராப். ஒவ்வொரு "தொம்"மையும் கொஞ்சம் அழுத்தி அடிங்க, மத்ததை லேசா விடுங்க. நாலு நாலா எண்ணிக்கிட்டு இருந்த காதுக்குள்ள திடீர்னு அஞ்சு அஞ்சா வந்தா ஆளுக்குத் தடுமாறும், எங்க விழப்போகுதுன்னு தெரியாது. மூணாவது தரம் கேட்கும்போதுதான் பிடி கிடைக்கும், கிடைச்ச அந்த நொடியே சமம் வந்துடும். கச்சேரியில தனி ஆவர்த்தனம் முடிஞ்சு எல்லாரும் ஒரே நேரத்துல தொடையில தட்டுறாங்கல்ல, அது இதான்.

#6 – டெக்னோ_தெப்பக்குளம், காலை 11:15

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். டிராப் இல்லன்னா பாட்டே இல்லங்கிற மாதிரி இங்க எல்லாரும் பேசுறீங்க. ஆரம்பத்துல இருக்கிறவங்க எல்லாரும் இந்தப் பொறியிலதான் விழுறாங்க: ரைசர், ரோல், நிசப்தம், டமால். நாலு தடவை கேட்டா எங்க என்ன வரும்னு சின்னப் புள்ளகூடச் சொல்லிடும்.

1981-ல ரோலண்ட் கம்பெனி டிபி-303-ன்னு ஒரு சின்னப் பெட்டி விட்டாங்க, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவங்களுக்குத் துணைக்கு. கிட்டார் மாதிரி கேட்கவே இல்ல, அதனால விலை போகல. பழைய சாமானா மலிவு விலைக்கு வந்தப்ப சிகாகோ பசங்க கையில கிடைச்சது. ஒரே ஒரு பேஸ் வரியை ஓடவிட்டு, ஒலியோட தன்மையை மாத்துற கட்ஆஃப் குமிழையும் ரெசனன்ஸ் குமிழையும் திருகித் திருகியே ராத்திரியை ஓட்டினாங்க. அங்க தனியா டிராப்புன்னு ஒண்ணு தேவைப்படல. எட்டு பாருக்கு ஒரு தடவை ஏதோ ஒண்ணு மாறும், அவ்வளவுதான். ஒரு ஹாட் திறக்கும், ஒரு கைதட்டல் சேரும், ஒரு கிக் மட்டும் விட்டுப்போகும். ஆடுறவனுக்கு எது மாறுச்சுன்னு சொல்லத் தெரியாது, ஆனா உடம்பு கண்டுபிடிச்சிடும்.

தம்பியோட குரூவ் பகுதியைப் பாருங்க. 16 பார்ல எதுவுமே மாறல. அதைக் கவனிக்காம எல்லாரும் டிராப்பையே கட்டிப் பிடிச்சுட்டு இருக்கீங்க. ரைசர் மேல அவ்வளவு ஆசைன்னா ஷெப்பர்ட் டோன் போடச் சொல்லுங்க. 1964-ல ரோஜர் ஷெப்பர்ட்னு ஒரு ஆய்வாளர் காட்டின வித்தை, ஏறிக்கிட்டே இருக்கிற மாதிரி கேட்கும், எங்கயும் போய்ச் சேராது.

#7 – மேலமாசி_மீனா, காலை 11:31

குரூவ் பத்தி நீங்க சொன்னது நியாயம், நான் விட்டுட்டேன். தம்பி, 0:45-ல, அதாவது குரூவோட ஒன்பதாவது பார்ல, ஏதாவது ஒண்ணு மாறியே ஆகணும்.

ஆனா தெப்பக்குளத்தாரே, அவர் போடுறது ராத்திரி முழுக்க ஓடுற செட் இல்ல. 3:45 பாட்டு, டிபார்ட்மென்ட் விழா. அங்க நாற்பது நிமிஷம் குமிழ் திருகினா எச்ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிடுவார்.

#8 – டெக்னோ_தெப்பக்குளம், காலை 11:34

அதுவும் ஒரு டிராப்புதானே.

#9 – மேலூர்_மைக்செட், பகல் 2:10

தம்பி நான் பாட்டு போடுறவன் இல்ல, செட்டு போடுறவன். பதினெட்டு வருஷமா திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் பூராம் பார்த்தாச்சு. நீங்க எல்லாரும் பேசுறதுல பாதி புரியல. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன்.

அன்னிக்கு விழாவுல டிராப் வந்தப்ப உங்க லீட்டு காதுல விழுந்துச்சா? விழுந்தது நிச்சயமா?

இன்னொண்ணு. ஸ்டாண்டுல டாப் (மேல வைக்கிற சின்ன ஸ்பீக்கர்) மட்டும் நிறுத்தியிருந்தாங்களா, கீழ பேஸ் பாக்ஸ் இருந்துச்சா?

#10 – திருநகர்_பீட்ஸ், பகல் 2:48

அண்ணே, நீங்க கேட்டப்புறம்தான் யோசிக்கிறேன். லீட் கேட்கல. கிக்கும் ஹாட்டும் மட்டும்தான் கேட்டுச்சு. கூட்டச் சத்தத்துல எனக்குத்தான் காது அடைச்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். டாப் ரெண்டு மட்டும்தான் இருந்துச்சு, கீழ எதுவும் இல்ல.

லீட் அகலமா கேட்கணும்னு ஒரு வீடியோவுல சொன்ன மாதிரி செஞ்சேன். லீட்டைக் காப்பி எடுத்து, ஒண்ணை முழுசா இடது பக்கம், ஒண்ணை முழுசா வலது பக்கம் தள்ளி, வலதுல மட்டும் அலையைத் தலைகீழாக்குற இன்வர்ட் பட்டனை அழுத்தினேன். ரெண்டு லீட்டுக்குமே அப்படித்தான். ஹெட்போன்ல மண்டைக்கு வெளியே கேட்டுச்சு, அவ்வளவு அகலம்.

#11 – மேலூர்_மைக்செட், பகல் 3:02

அதான் சோலி முடிஞ்சது.

நம்ம பக்கம் செட்டு முக்கால்வாசி மோனோதான் தம்பி. மண்டபத்துல இடதுல ஒண்ணு வலதுல ஒண்ணுன்னு பிரிச்சு விட்டா, இடது ஓரம் உட்கார்ந்தவனுக்குப் பாதிப் பாட்டுதான் கேட்கும். அதனால மிக்ஸர்ல ரெண்டையும் ஒண்ணா சேர்த்துத்தான் எல்லா பாக்ஸுக்கும் அனுப்புவோம். நீங்க வலதுல தலைகீழா திருப்பிட்டீங்க. ஒண்ணையும் மைனஸ் ஒண்ணையும் கூட்டினா என்ன? பூஜ்யம். உங்க லீட்டு மிக்ஸர்லயே காணாமப் போச்சு, ஸ்பீக்கருக்கு வரவே இல்ல.

பேஸ் கதையும் அதே. எஃப் சுரம்னு சொன்னீங்க, அடியில இருக்கிறது 44 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். ஸ்டாண்டுல நிக்கிற டாப்புக்கு அதெல்லாம் வராது. ஆக அன்னிக்கு உங்க டிராப்புல மிச்சம் இருந்தது கிக்கோட "டக்" சத்தமும் ஹாட்டும். பசங்க தலையைச் சொறிஞ்சது தப்பே இல்ல.

#12 – மேலமாசி_மீனா, மாலை 4:25

அண்ணே, உங்களுக்கு ஒரு ஜிகர்தண்டா கடன். நான் ஹெட்போன்ல மட்டும் கேட்டேன், அதனால லீட் எனக்குக் கேட்டுச்சு. மோனோ பட்டனை அழுத்திப் பார்க்கவே தோணல, வெட்கமாத்தான் இருக்கு. இப்போ அழுத்திப் பார்த்தேன். அண்ணன் சொன்னபடி சுத்தமா காணோம்.

தம்பி, ரெண்டு வியாதி, ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும். ஹெட்போன்லயும் உங்க டிராப் சின்னதுதான், அதுக்கு நான் முன்னாடி எழுதினது மருந்து. மோனோவுக்கு: முதல் லீட்டை நட்ட நடுவுல வைங்க, எதையும் தொடாதீங்க. ரெண்டாவது லீட்ல 500 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிறதை வெட்டிட்டு, அதை மட்டும் ஓரத்துக்கு விரிங்க. அதுவும் இன்வர்ட் பண்ணி இல்ல. இடதுக்கும் வலதுக்கும் வேற வேற ஒலியா வாசிச்சு விரிங்க. மோனோவுல அந்த மேல் பூச்சு கொஞ்சம் மங்கினாலும் நடு லீட் நிக்கும். பேஸுக்குக் கொஞ்சம் டிஸ்டார்ஷன் கொடுங்க. 44-க்கு மேல 87, 131, 175-ன்னு அதோட மடங்குகள் வெளிய வரும். சின்ன ஸ்பீக்கர்ல 44 வராட்டியும், மேல இருக்கிற மடங்குகளை வச்சு அடிச் சுரம் இருக்கிறதா காது தானா நிரப்பிக்கும். போன்ல பாட்டு கேட்கும்போது பேஸ் இருக்கிற மாதிரி ஒரு பிரமை வருதே, அதுல பாதி இந்த ஏமாத்து வேலைதான்.

நீங்க வேலை செய்யிறது ராத்திரியிலதானே? வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம், சத்தம் கம்மியா வச்சு? சத்தம் குறைஞ்சா காதுக்கு முதல்ல விட்டுப்போறது பேஸ். 1933-லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் அளந்து வரைஞ்சு வச்சிருக்காங்க. அதனாலதான் ராத்திரி மிக்ஸ்ல எல்லாரும் பேஸை அள்ளிக் கொட்டுறாங்க. டிராப்போட அளவை மட்டுமாவது பகல்ல, கொஞ்சம் சத்தமா வச்சு முடிவு பண்ணுங்க.

#13 – டெக்னோ_தெப்பக்குளம், மாலை 5:10

மைக்செட் அண்ணனுக்கு ஒரு தகவல். ஜமைக்காவுல, கிங்ஸ்டன்ல, கிங் டப்பின்னு ஒருத்தர் இருந்தார். தொழில் ரேடியோ, ஆம்ப் ரிப்பேர். சொந்தமா செட்டும் வச்சிருந்தார், உங்களை மாதிரியே. 1970-கள்ல அவர் ஒரு மிக்ஸர் முன்னாடி உட்கார்ந்து, முடிஞ்சுபோன பாட்டோட பேஸையும் டிரம்மையும் சட்டுன்னு பிடுங்குவார், எக்கோவை மட்டும் மிதக்க விடுவார், அப்புறம் ரெண்டையும் ஒரே நேரத்துல உள்ள தள்ளுவார். டப் இசை அப்படித்தான் வளர்ந்துச்சு. எடுத்துட்டுத் திரும்பக் கொடுக்கிற வித்தையை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததுல ஒரு செட்டுக்காரருக்குப் பெரிய பங்கு இருக்கு.

மீனாவுக்கு: சரி, டிராப் இருக்கட்டும். குரூவை நான் விட மாட்டேன்.

#14 – மேலூர்_மைக்செட், மாலை 5:26

நாங்களும் செய்வோம் சார். கரகாட்டத்துல நையாண்டி மேளம் உச்சத்துல இருக்கும்போது மைக்கை டபக்குன்னு இறக்கிட்டு ஏத்துவேன். விசில் பறக்கும். இதுக்கு ஜமைக்காவுல பேர் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது.

#15 – பரோட்டா_சாம்பிள், இரவு 12:40

வாடிவாசலை யாரும் இழுக்கல, நன்றி. அதுக்குப் பரிசா என் பங்கு.

இப்பத்தான் கொத்து பரோட்டா சாப்பிட்டுட்டு வர்றேன். போனை டேபிள்ல வச்சு ரெக்கார்ட் பண்ணினேன், நாலு நிமிஷம். மாஸ்டர் கல்லுல என்ன செய்யிறார்னு இதுவரைக்கும் பார்த்திருக்கேன், கேட்டதில்ல. முதல்ல வெங்காயம் விழுந்த சீற்றம் மட்டும், தாளமே கிடையாது. அப்புறம் ரெண்டு தகடும் மெதுவா, பரோட்டாவை ரெண்டா நாலா வெட்டுற கனமான அடி. முட்டை ஊத்தினதும் வேகம் ரெட்டிப்பு. துண்டு சின்னதாக ஆக சத்தமும் மெலிசாகுது, ஏன்னா தகடுக்கு நடுவுல மெத்தை குறைஞ்சு நேரா கல்லுல படுது. கீழ் சத்தம் தானா போயிடுது, மேல் சத்தம் மட்டும் நிக்குது. மீனாக்கா சொன்ன ஹை-பாஸை அந்த மனுஷன் கையாலயே செய்யிறார். அப்புறம் சால்னா ஊத்துறதுக்காக ஒரு நொடி நிறுத்தினார். ஒரே ஒரு நொடி. ஊத்தி முடிச்சதும் ரெண்டு தகடும் சேர்ந்து "டங்"குன்னு விழுந்துச்சு பாருங்க, எச்சில் இலையை எடுத்துட்டுப் போன பையன் அந்தத் தாளத்துக்கே நடந்தான்.

கோப்பு வேணும்னா தர்றேன். பின்னாடி யாரோ "ரெண்டு ஆஃப்பாயில்"னு கத்துறது இருக்கு, அதை வெட்டக்கூடாதுங்கிறது மட்டும் நிபந்தனை.

#16 – தவில்_பேரன், காலை 7:15

அந்த "டங்" சமம்.

#17 – திருநகர்_பீட்ஸ், பதினோரு நாள் கழிச்சு, இரவு 9:30

இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிக்கணும், இன்டர்னல் பரீட்சை. நடுவுல எல்லாத்தையும் செஞ்சு பார்த்தேன்.

லிமிட்டரைக் கழட்டினதும் பாட்டு எலும்பும் தோலுமா கேட்டுச்சு, அரை நாள் மனசே விட்டுப்போச்சு. அப்புறம் பழகிடுச்சு. பில்டப் இப்போ எட்டு பார். ரைசர் ஒண்ணுதான். மூணு காலமும் தீர்மானமும் அப்படியே வச்சேன், ஸ்நேருக்குப் பதிலா பரோட்டாத் தகடு. முதல் தடவை கட்டத்துல அஞ்சஞ்சா போடும்போது தப்பாப் போயிட்டு சமம் ஒரு கட்டம் முன்னாடியே விழுந்துச்சு, ரெண்டு மணி நேரம் எங்க தப்புன்னே தெரியல. பார்த்தா முதல் கட்டத்தைக் காலியா விடல. குரூவ்ல 0:45-ல ஹாட்டைத் திறந்து விட்டேன், தெப்பக்குளத்தண்ணன் பேச்சைக் கேட்டு எட்டாவது பார்ல ஒரு கிக்கை மட்டும் எடுத்துட்டேன். பேட் இப்போ ஒவ்வொரு கிக்குக்கும் தலையைக் குனியிற மாதிரி சைட்செயின் போட்டிருக்கேன், டிராப்புல கிக்குக்கு இடம் கிடைச்சிருச்சு. பில்டப்புல எட்டு பார் குறைஞ்சதால மொத்தம் 3:30.

இப்போ புதுப் பிரச்சினை. முதல் டிராப் தூக்குது. ரெண்டாவது டிராப் அதே மாதிரி இருக்கு, ஆனா அதே மாதிரி இல்ல. சின்னதா தெரியுது. ரெண்டும் காப்பி பேஸ்ட்தான், ஒரு டெசிபல்கூட வித்தியாசம் இல்ல.

#18 – மேலமாசி_மீனா, இரவு 10:05

காப்பி பேஸ்ட்ங்கிறதாலதான் சின்னதா தெரியுது. ஒரே ஜோக்கை ரெண்டாவது தடவை சொல்றீங்க.

புதுசா எதையும் செய்யாதீங்க, முதல் டிராப்பைக் கொஞ்சம் ஏழையாக்குங்க. ஓரத்து லீட்டை முதல்ல காட்டவே வேண்டாம், ரெண்டாவதுக்கு வைங்க. திறந்த ஹாட்டும் அப்படியே. ரெண்டாவதுல பேஸ் வரியோட கடைசி ரெண்டு பாரை மட்டும் மாத்துங்க. பிரேக்ல கூச்சப்படாம காலி பண்ணுங்க, ஒரு பேட், ஒரு ஆஃப்பாயில், போதும். முதல் பில்டப்புல வச்ச தீர்மானத்தை ரெண்டாவதுல அப்படியே வைக்காதீங்க, ரெண்டு தரம் சொல்லிட்டு மூணாவது தரத்தை முழுங்கிடுங்க. காது அதைத் தானே வாசிச்சுக்கும்.

#19 – தவில்_பேரன், இரவு 10:12

மூணாவதை முழுங்குறதா! தாத்தா இருந்திருந்தா கழியாலயே ஒண்ணு போட்டிருப்பார். ஆனா வீட்டுக்குப் போய் வாசிச்சுப் பார்த்திருப்பார்.

#20 – மேலூர்_மைக்செட், இரவு 10:20

தம்பி, ஞாயித்துக்கிழமை மேலூர் பக்கம் ஒரு கோயில் விசேஷத்துக்குச் செட்டு போடுறேன். மத்தியானம் மூணு மணிக்கு டெஸ்டிங். பேஸ் பாக்ஸ் நாலு. பென் டிரைவ் எடுத்துட்டு வாங்க.

#21 – திருநகர்_பீட்ஸ், ஞாயிறு, இரவு 8:45

போயிட்டு வந்தேன்.

வேப்ப மரத்தடியில நாலு பாக்ஸும் அடுக்கியிருந்துச்சு. ஆள்னு பார்த்தா அண்ணனும் அவர் பையனும், டீக்கடைக்காரர், திண்ணையில படுத்திருந்த ஒரு தாத்தா. அவ்வளவுதான் கூட்டம். குரூவ் ஓடும்போது அண்ணன் எதுவும் சொல்லல, ஆம்ப்புல எரியிற லைட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். பில்டப்புல பரோட்டாத் தகடு வந்ததும் டீக்கடைக்காரர் தன் கடைக்குள்ள திரும்பிப் பார்த்தார்.

ஒரு தப்பு செஞ்சிருந்தேன். மீனாக்கா ஒரு பீட் நிறுத்தச் சொன்னாங்க. நிசப்தம் நல்லாருக்கேன்னு ஆசைப்பட்டு, தீர்மானத்துக்கு அப்புறம் ஒரு முழு பாரையும் காலியா விட்டுட்டேன். 128-ல ஒரு பார்னா ரெண்டு செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஹெட்போன்ல அது அழகா இருந்துச்சு. அங்க என்னாச்சுன்னா, ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டுச்சு, அண்ணன் முகம் மாறிப் போச்சு, "லைன் போச்சுடா"ன்னு பையனைக் கத்திக்கிட்டே ஆம்ப்புக்குப் பின்னாடி கையை விட்டார். அந்த நேரம் பார்த்து டிராப் விழுந்துச்சு. அண்ணன் ஒரு அடி பின்னாடி குதிச்சார். டீக்கடைத் தகரம் அதிர்ந்து, மேல இருந்த தூசி பூராம் பாலுக்குள்ள விழுந்துச்சு. பால் காசு நாற்பது ரூபாய் நான்தான் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நிசப்தத்தை ரெண்டு பீட்டா குறைச்சிட்டேன். அடி பேஸ் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, அதை நாளைக்குப் பகல்ல பார்க்கணும்.

#22 – மேலூர்_மைக்செட், இரவு 11:55

பென் டிரைவை இங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்க தம்பி. சாமி புறப்பாட்டுக்கு முன்னாடி சும்மா ஒரு தரம் போட்டேன். பசங்க திரும்பப் போடச் சொல்லி மூணு தரம் ஓடிடுச்சு. அந்த ஒரு பாரைக் குறைக்காதீங்க. மூணாவது தரம் அந்த இடத்துல மொத்தக் கூட்டமும் வாயைத் திறந்துக்கிட்டு நின்னுச்சு.